நீலகிரியில் அணை கட்டினால் மலைக்கு என்ன கிடைக்கும்?

[காட்சி: நீலகிரி மாவட்ட வரைபடம். நீர்த்தேக்கங்கள் ஒவ்வொன்றாக நீல நிறத்தில் தெரிகின்றன.]

வணக்கம். ஊட்டி ஏரின்னு சொன்னா டவுனுக்குள்ள படகு விடுற ஏரிதான் நிறைய பேருக்கு ஞாபகம் வரும். அதை விட்டுட்டு இந்த வரைபடத்துல நீலமா இருக்குற மத்த இடங்களைப் பாருங்க. முக்குருத்தி, பைக்காரா, சாண்டிநல்லா, கிளன்மார்கன், பார்சன்ஸ் வேலி, போர்த்திமந்து, அப்பர் பவானி, அவலாஞ்சி, எமரால்டு, குந்தா, கெத்தை. அடிவாரத்துக்கு வந்தா பில்லூர். எல்லாமே மனுஷன் கட்டின அணை. இவ்வளவு சின்ன மாவட்டத்துல இத்தனை அணை!

இது போதாது, இன்னும் கட்டணும்னு ஒரு பேச்சு ஓடிக்கிட்டிருக்கு. கட்டினா இந்த ஒதுக்குப்புறமான மலை வளரும், ரோடு வரும், வேலை வரும்ங்கிறது ஒரு தரப்பு. கட்டினா மலையே சரிஞ்சிடும்ங்கிறது இன்னொரு தரப்பு. தேர்தல் வந்தா இந்தச் சண்டை சூடாகும், முடிஞ்சதும் ஆறிடும். ஆனா அணை வந்தா மலை வளருமாங்கிற கேள்விக்கு நாம ஜோசியம் பார்க்க வேண்டியதே இல்லை. இங்க அணை கட்ட ஆரம்பிச்சு தொண்ணூறு வருஷத்துக்கு மேல ஆச்சு. நடந்ததைப் பார்த்தாலே பாதி பதில் கிடைச்சிடும்.

[காட்சி: கிளன்மார்கன் உச்சியிலிருந்து சிங்காராவை நோக்கி இறங்கும் பென்ஸ்டாக் குழாய்கள். பக்கத்தில் வின்ச் பாதை.]

1900-களோட தொடக்கத்துலயே காட்டேரி அருவித் தண்ணியை வச்சு அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலைக்கு மின்சாரம் எடுத்தாங்க. அது சின்ன ஏற்பாடு. பெரிய அளவுல நடந்தது பைக்காரா. மெட்ராஸ் கவர்னரோட நிர்வாகக் குழுவுல இருந்த சி.பி. ராமசாமி ஐயர் இந்தத் திட்டத்துக்காக விடாம வாதாடினார். 1929-ல வேலை தொடங்குச்சு. 1932-ல சிங்காராவுல டர்பைன் சுத்த ஆரம்பிச்சது. மேல இருந்து கீழ பவர் ஹவுஸ் வரைக்கும் தண்ணி 900 மீட்டருக்கு மேல இறங்குது. அன்னைக்கு உலகத்துலயே அவ்வளவு உயரத்துல இருந்து தண்ணியை இறக்கி மின்சாரம் எடுத்த இடங்கள் ரொம்பக் கம்மி.

அந்த மின்சாரம் எங்க போச்சு? கோயமுத்தூருக்குப் போச்சு. 1930-கள்ல அங்க மளமளன்னு எழும்பின பஞ்சாலைகளுக்குப் பின்னாடி இருந்தது பைக்காரா கரண்ட். மாட்டைப் பூட்டிக் கவலை இறைச்ச கொங்கு விவசாயி மோட்டார் வச்சுக் கிணத்துத் தண்ணியை எடுக்க ஆரம்பிச்சதும் அதனாலதான். ஒரு அணை ஒரு பகுதியோட தலையெழுத்தையே மாத்தும்னு சொல்றவங்க பொய் சொல்லலை. கோயமுத்தூரே அதுக்குச் சாட்சி. மாறினது கீழ இருக்குற பகுதிங்கிறதை மட்டும் குறிச்சு வச்சுக்கோங்க.

அடுத்து குந்தா. காமராஜர் முதலமைச்சரா இருந்த காலம். கொழும்புத் திட்டம்ங்கிற பன்னாட்டு உதவித் திட்டத்தின் கீழ கனடா பணமும் இயந்திரமும் கொடுத்துச்சு. 1960-ல முதல் பவர் ஹவுஸ் ஓட ஆரம்பிச்சது.

[காட்சி: நகரும் வரைபடம். அவலாஞ்சியிலிருந்து ஒரு நீலக் கோடு கீழே இறங்குகிறது.]

குந்தா திட்டத்தைப் புரிஞ்சுக்கணும்னா தண்ணி போற வழியைப் பின்தொடர்ந்து போகணும். அப்பர் பவானியில தேங்குற தண்ணி ஒரு பவர் ஹவுஸைச் சுத்திட்டு அவலாஞ்சிக்கு வருது. அவலாஞ்சியும் எமரால்டும் ஒண்ணோட ஒண்ணு சேர்ந்த இரட்டை நீர்த்தேக்கம். அங்க இருந்து மலையைக் குடைஞ்ச சுரங்கம் வழியா குந்தா பவர் ஹவுஸ். அதுல இருந்து வெளிய வர்ற தண்ணியைக் குந்தா அணையில மறுபடி பிடிச்சு, கெத்தைக்கு இறக்குறாங்க. கெத்தையில பிடிச்சுப் பரளிக்கு இறக்குறாங்க. அப்புறம் பில்லூர். ஒரே தண்ணி, இறங்குற வழியெல்லாம் திரும்பத் திரும்ப மின்சாரம் கொடுக்குது. மொத்தம் ஆறு பவர் ஹவுஸ், 500 மெகாவாட்டுக்கு மேல திறன்.

இதோட முடியலை. மேற்கே கேரளா பக்கம் ஓட வேண்டிய சில ஓடைகளையும் தடுத்துக் கிழக்குப் பக்கம் திருப்பி விட்டிருக்காங்க. பில்லூர்ல இருந்து கோயமுத்தூருக்குக் குடிதண்ணி போகுது. மிச்சம் பவானிசாகருக்குப் போய் ஈரோடு மாவட்டத்து வயலுக்குப் பாயுது. பொறியியல் வேலையா பார்த்தா இது அபாரம். இதை வடிவமைச்சவங்க மேல எனக்கு நிஜமான மரியாதை இருக்கு. குளிர்லயும் மழையிலயும் பாறையை உடைச்ச தொழிலாளர்கள் மேல அதைவிடப் பெரிய மரியாதை இருக்கு.

இப்ப மேல என்ன நின்னுச்சுன்னு பார்ப்போம்.

[காட்சி: மஞ்சூர் பஜார். கெத்தை வழியாக இறங்கும் மலைப்பாதை.]

ரோடு நின்னுச்சு. மஞ்சூர்ல இருந்து கெத்தை, முள்ளி வழியா காரமடைக்கு இறங்குற ரோட்டுல 43 கொண்டை ஊசி வளைவு. மின்வாரிய வேலைக்காகத் திறந்த வழிதான் இன்னைக்குக் குந்தா பக்கத்து மக்கள் கோயமுத்தூர் போறதுக்கு இன்னொரு பாதை. மின்வாரிய ஆட்கள் தங்கின ஈபி கேம்ப்புகள் நின்னுச்சு. அந்தக் கேம்ப்புகளைச் சுத்திக் கடை, பள்ளிக்கூடம், பஸ் எல்லாம் வந்துச்சு. மறுக்கவே முடியாத நன்மை இதெல்லாம்.

போனதும் இருக்கு. தோடர்கள் எருமை மேய்ச்ச புல்வெளியில ஒரு பகுதி தண்ணிக்குள்ள போச்சு. சோலைங்கிற மலைக்காடும் புல்வெளியும் மழைத்தண்ணியை மெதுவா உள்வாங்கி, கோடையிலயும் ஓடையில விடுற அமைப்பு. அதை மூழ்கடிச்சுத்தான் நீர்த்தேக்கம் வந்துச்சு. சிங்காரா, மாயார் பக்கம் திறந்த கால்வாயும் பெரிய குழாய்களும் யானை போற வழியை மறிச்சுக்கிட்டு நிக்குது. வழி அடைபட்ட யானை ஊருக்குள்ள வருது. அப்புறம் நாம யானை அட்டகாசம்னு செய்தி படிக்கிறோம்.

இன்னொரு விஷயம் சொல்றேன், இது என்னை ரொம்ப வருத்துற விஷயம். இதே மாவட்டத்துல கூடலூர் தாலுகாவுல, பிரிவு 17 நிலம்னு சொல்லப்படுற இடங்கள்ல ஆயிரக்கணக்கான குடும்பங்கள் பல வருஷமா மின் இணைப்பு இல்லாம வாழ்ந்திருக்காங்க. 1969-ல வந்த கூடலூர் ஜென்ம நிலங்கள் ஒழிப்புச் சட்டத்துல ஒரு பிரிவு அது. நிலம் யாருக்குன்னு முடிவாகாம வழக்கிலயே கிடந்ததால, வீட்டுக்குக் கரண்ட் கொடுக்க முடியாதுன்னு சொல்லிட்டாங்க. இலங்கையில இருந்து தாயகம் திரும்பின தோட்டத் தொழிலாளர்கள், பழங்குடிகள், சின்ன விவசாயிகள் எல்லாரும் இதுல மாட்டினாங்க. பைக்காராவும் சிங்காராவும் கூப்பிடு தூரம். பிள்ளைங்க படிச்சது மண்ணெண்ணெய் விளக்குல. அந்த வீடுகள் இருட்டா இருந்ததுக்குக் காரணம் மின்சாரப் பற்றாக்குறை கிடையாது. பத்து அணை கூடுதலா கட்டியிருந்தாலும் அந்த விளக்கு எரிஞ்சிருக்காது.

மருத்துவமும் அப்படித்தான். பெரிய சிகிச்சைன்னா கோயமுத்தூருக்குத்தான் இறங்கணும்ங்கிற நிலைமை தலைமுறை தலைமுறையா இருந்துச்சு. ஊட்டியில அரசு மருத்துவக் கல்லூரி 2022-ல வந்துச்சு, அதோட மருத்துவமனை 2025-லதான் திறந்துச்சு. பைக்காரா ஓட ஆரம்பிச்சுத் தொண்ணூத்தி மூணு வருஷம் கழிச்சு. அது எந்த அணையோட உபயமும் இல்லை. அரசாங்கம் முடிவு பண்ணிப் பணம் ஒதுக்குச்சு, வந்துச்சு.

அணை கரண்ட் தரும், தண்ணியைத் தேக்கும். அது இருக்குற மலைக்கு என்ன திரும்பி வரணும்னு யாரும் எழுதி வைக்கலைன்னா எதுவும் தானா திரும்பி வராது. நீலகிரி விஷயத்துல அப்படி எழுதி வைக்கவே இல்லை. என் வாதத்தோட மையம் இதுதான்.

[காட்சி: மதிய வெயிலில் சூரிய மின்தகடுகள். மாலையில் நகர விளக்குகள். மேல் அணை, கீழ் அணை வரைபடம்.]

இப்ப புதுசா பேசப்படுற திட்டங்களுக்கு வருவோம். இதெல்லாம் பழைய மாதிரி அணைகள் கிடையாது. நீரேற்று மின்திட்டங்கள். பம்ப்டு ஸ்டோரேஜ்னு கேள்விப்பட்டிருப்பீங்க. மேல ஒரு நீர்த்தேக்கம், கீழ ஒரு நீர்த்தேக்கம். மதியம் சூரிய மின்சாரம் நிறைய இருக்குறப்போ, அந்த மின்சாரத்துல கீழ இருக்குற தண்ணியை மேல ஏத்துவாங்க. சாயங்காலம் எல்லா வீட்லயும் லைட்டும் ஃபேனும் ஏசியும் ஓடுறப்போ அதே தண்ணியைக் கீழ விட்டு மின்சாரம் எடுப்பாங்க. ஏத்துறதுக்கு 100 யூனிட் செலவு பண்ணா திரும்பக் கிடைக்கிறது சுமார் 75-ல இருந்து 80 யூனிட். நஷ்டம் மாதிரி தெரியும். ஆனா வீணாப் போற நேரத்து மின்சாரத்தை, தட்டுப்பாடான நேரத்துக்கு மாத்திக் கொடுக்குது.

தமிழ்நாட்டுக்கு இது தேவைங்கிறதை நான் மறுக்கவே மாட்டேன். 2024 மே மாசம் மாநிலத்தோட உச்ச மின்தேவை 20,000 மெகாவாட்டைத் தாண்டுச்சு. காத்தாலை இங்க நிறைய, சூரிய மின்சாரமும் கூடிக்கிட்டே போகுது. சேமிச்சு வைக்க வழி இல்லைன்னா சாயங்காலத்துக்கு நிலக்கரிதான். நிலக்கரி வேணும்னா எண்ணூர்லயும் தூத்துக்குடியிலயும் சாம்பலோட வாழுற மக்கள் இருக்காங்க. மலையில எதுவுமே வேண்டாம்னு சொல்றவங்க அந்த மக்களையும் மனசுல வச்சுப் பேசணும்.

குந்தாவுல 500 மெகாவாட் நீரேற்றுத் திட்டம் வேலை நடந்துக்கிட்டிருக்கு. மேல போர்த்திமந்து, கீழ அவலாஞ்சி - எமரால்டு. ரெண்டும் ஏற்கெனவே இருக்குற நீர்த்தேக்கம். சுரங்கம் குடையுறது, பாறையை வெடிக்கிறது, மண்ணைக் கொட்டுறது எல்லாம் அதுலயும் இருக்கு, கண்காணிக்கணும். ஆனா புதுசா ஒரு பள்ளத்தாக்கு மூழ்காது.

சில்லஹல்லா நீரேற்றுத் திட்டம் வேற கதை. 1,000 மெகாவாட். சில்லஹல்லா ஓடைக்குக் குறுக்கே மேல ஒரு புது அணை, குந்தா ஆத்துக்குக் குறுக்கே கீழ ஒரு புது அணை.

[காட்சி: பாலகொலா பக்கத்து விவசாய நிலங்கள். கேரட், பீட்ரூட், பூண்டு. தேயிலைச் சரிவுகள்.]

இந்தப் பள்ளத்தாக்குல காடு மட்டும் இல்லை, விவசாயம் இருக்கு. ஹட்டின்னு சொல்ற படுகர் ஊர்கள் இருக்கு. கேரட், பீட்ரூட், உருளைக்கிழங்கு, பூண்டு விளையுற தாழ்வான நிலம் நீலகிரியில ரொம்பக் கம்மி. சரிவுல தேயிலை வைக்கலாம், ஆனா பச்சைத்தேயிலை விலை எவ்வளவு வருஷமா போராட்டமா இருக்குன்னு இங்க எல்லாருக்கும் தெரியும். தேயிலை கைவிட்டப்போ பல குடும்பங்களைத் தாங்கினது இந்தக் காய்கறி நிலம். அதை மூழ்கடிச்சுட்டு இழப்பீடு கொடுத்தா, அந்தப் பணத்துல அதே மாதிரி நிலத்தை மலையில வேற எங்க வாங்குவாங்க? விலைக்கு நிலமே இல்லாத ஊர் இது. அதனாலதான் பாலகொலா பக்கத்து மக்கள் திட்டத்தை எதிர்க்கிறாங்க. எதிர்க்கிறவங்களை வளர்ச்சிக்கு விரோதிகள்னு முத்திரை குத்துறது அநியாயம். அவங்க உழைச்சு வளர்த்ததைக் காப்பாத்தத்தான் பேசுறாங்க.

இப்ப நான் சொல்லப்போறதைக் கவனமா கேளுங்க. மலைப்பகுதிக்கு என்ன திரும்பி வரணும்னு எழுதியே வைக்கலைன்னு சொன்னேன் இல்லையா? 2008-ல தேசிய நீர்மின் கொள்கை வந்தப்போ ஓரளவு எழுதினாங்க. திட்டம் இருக்குற மாநிலத்துக்கு 12 சதவீத மின்சாரம் இலவசம். அதோட வட்டார வளர்ச்சி நிதிக்குக் கூடுதலா 1 சதவீதம். பாதிக்கப்பட்ட ஒவ்வொரு குடும்பத்துக்கும் பத்து வருஷம், மாசம் 100 யூனிட். பெரிய தொகைன்னு சொல்ல முடியாது, ஆனா கொள்கை அளவுல ஒரு கடன் இருக்குன்னு ஒத்துக்கிட்டாங்க.

2023 ஏப்ரல்ல மத்திய மின் அமைச்சகம் நீரேற்றுத் திட்டங்களுக்குத் தனியா ஒரு நெறிமுறை வெளியிட்டுச்சு. அதுல இலவச மின்சாரப் பொறுப்பு இந்தத் திட்டங்களுக்குக் கிடையாதுன்னு சொல்லிட்டாங்க. வட்டார வளர்ச்சி நிதியும் தேவையில்லைன்னு சொல்லிட்டாங்க. காரணம் என்ன தெரியுமா? இந்தத் திட்டங்களால சுற்றுச்சூழல் பாதிப்பு ரொம்பக் குறைவு, மக்களை இடம் மாத்துற பிரச்சினை இல்லைன்னு.

ஆறே இல்லாத பொட்டல் மேட்டுல ரெண்டு தொட்டி கட்டித் தண்ணியைச் சுத்த விடுற திட்டத்துக்கு இந்தக் காரணம் பொருந்தலாம். ஓடைக்கும் ஆத்துக்கும் குறுக்கே ரெண்டு புது அணை, நடுவுல விவசாய நிலம் இருக்குற சில்லஹல்லாவுக்கு எப்படிப் பொருந்தும்? பின்தங்கின பகுதி வளரும்னு மேடையில பேசுறாங்க. அந்த வளர்ச்சிக்குன்னு இருந்த ஒரே நிதியையும் நெறிமுறையில நீக்கி வச்சிருக்காங்க. அணை அரசியலைப் பேசுற ரெண்டு தரப்புமே இந்த ஒரு பத்தியை எடுத்து வச்சுப் பேசினதா நான் பார்த்ததில்லை. அதுதான் எனக்கு ஆதங்கம்.

[காட்சி: மண்சரிவு நடந்த மலைச்சரிவுகள். அவலாஞ்சி மழை.]

மலை தாங்குமாங்கிற கேள்வியும் இருக்கு. 2009 நவம்பர்ல பெய்த மழையில நீலகிரி முழுக்க மண் சரிஞ்சு 40 பேருக்கு மேல செத்துப்போனாங்க. கேத்தி, குன்னூர்ப் பக்கத்து ஆளுங்களைக் கேட்டா அந்த ராத்திரிகளை இன்னும் சொல்வாங்க. 2019 ஆகஸ்ட்ல அவலாஞ்சியில ஒரே நாள்ல 82 சென்டிமீட்டர் மழை. சென்னையில ஒரு வருஷத்துக்குப் பெய்யுற மழையில பாதிக்கு மேல, ஒரே நாள்ல. இந்தத் திட்டங்கள் எல்லாம் சுத்திச் சுத்தி அதே குந்தா வட்டாரத்துலதான் வருது. தடிமனான மண் போர்வை, அதுக்கு மேல தேயிலைக்கும் காய்கறிக்கும் வெட்டின சரிவு. மழைக்குக் கரையுற அந்த மண் நேரா அணைக்குத்தான் வருது. பில்லூர்ல வண்டல் படிஞ்சு கொள்ளளவு குறைஞ்சது எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம். இருக்குற அணையைத் தூர்வாரி, மேல இருக்குற சரிவுல மண் அரிப்பைத் தடுத்தாலே எவ்வளவு மின்சாரம், எவ்வளவு குடிதண்ணி மிச்சமாகும்! அதுக்கு அடிக்கல் நாட்டு விழா வைக்க முடியாது, கல்வெட்டுல பேர் வராது. அதனால அந்த வேலைக்கு எந்தக் கட்சியிலயும் ஆள் கிடைக்கிறதில்லை.

[காட்சி: முக்குருத்தி மலைமுடி. எல்லைக்கு அப்பால் சைலண்ட் வேலி.]

முக்குருத்தியைத் தாண்டிக் கேரளா பக்கம் இறங்கினா சைலண்ட் வேலி. 1970-கள்ல அங்க குந்திப்புழாவுல 120 மெகாவாட் திட்டம் கொண்டுவந்தாங்க. கேரளத்தோட பெரிய கட்சிகள் எல்லாம் ஆதரிச்சுது. வாதம் என்னன்னா, மலபார் பின்தங்கின பகுதி, மின்சாரம் வந்தாத்தான் தொழில் வரும். நியாயமான ஏக்கம்தான் அது. அதுக்கு கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத்ங்கிற மக்கள் அறிவியல் இயக்கம் காட்டைப் பத்தி மட்டும் பேசலை. மலபாருக்கு மின்சாரம் கொண்டுபோக வேற வழி இருக்குன்னு கணக்குப் போட்டுக் காட்டினாங்க. அதுதான் அந்த இயக்கத்தோட பலம். 1983-ல திட்டம் கைவிடப்பட்டுச்சு, அடுத்த வருஷம் தேசியப் பூங்கா. அந்தக் காட்டுல வாழுற சிங்கவால் குரங்குக்காக மலபாரை இருட்டுல விட்டாங்கன்னு இன்னைக்கு யாராவது சொல்ல முடியுமா?

பாண்டியாறு - புன்னம்புழா விவகாரத்தையும் சுருக்கமா சொல்லிடுறேன். கூடலூர் மலையில பிறந்து மேற்கே சாலியாறுல சேருற தண்ணியைக் கிழக்கே திருப்பி பவானிக்குக் கொண்டுவரணும்ங்கிறது கொங்கு விவசாயிகளோட பல வருஷக் கோரிக்கை. 2019 செப்டம்பர்ல ரெண்டு மாநில முதலமைச்சர்களும் திருவனந்தபுரத்துல உட்கார்ந்து, இதைப் பேச குழு அமைக்கலாம்னு முடிவு பண்ணாங்க. தண்ணி வேணும்னு கேட்கிற ஈரோட்டு விவசாயியோட தாகம் உண்மை. நிலம்பூர்ப் பக்கம் அந்த ஆத்தை நம்பி இருக்குறவங்க பயமும் உண்மை. ஆனா இந்தப் பேச்சுவார்த்தையில கூடலூர்க்காரங்களுக்கு ஒரு நாற்காலி போட்டாங்களா? தண்ணி பிறக்கிற ஊர் அது. எப்பவும் ரெண்டு சமவெளிக்கு நடுவுல நடக்குற பேச்சுதான், மலை வெறும் தண்ணித் தொட்டி.

[காட்சி: கதை சொல்பவர் நேராகக் கேமராவைப் பார்த்துப் பேசுகிறார்.]

என் நிலைப்பாட்டை வெளிப்படையா சொல்லிடுறேன். இருக்குற நீர்த்தேக்கங்களை இணைச்சு சேமிப்பு மின்சாரம் எடுக்குறதை, கடுமையான கண்காணிப்போட ஏத்துக்கலாம். புதுசா பள்ளத்தாக்கை மூழ்கடிக்கிற சில்லஹல்லா வேண்டாம். குந்தா, கூடலூர் மாதிரி பகுதிகளுக்கு ஏற்கெனவே தொண்ணூறு வருஷக் கடன் பாக்கி இருக்கு. இந்த மலையில இருந்து போற ஒவ்வொரு யூனிட்டுக்கும் ஒரு பங்கு, இங்க இருக்குற மண் பாதுகாப்புக்கும் ஆஸ்பத்திரிக்கும் பஸ்ஸுக்கும் வரணும்னு மாநில அரசே சட்டமா எழுதலாம். மத்திய நெறிமுறை நிதி தேவையில்லைன்னு சொன்னா, மாநிலம் தானா கொடுக்கிறதை யாரும் தடுக்கப் போறதில்லை.

குந்தா வட்டாரத்து மக்களுக்கு ஒரு தகவல். 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, இந்த அளவு நீர்மின் திட்டத்துக்கு மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் நடக்கணும். மாநில மாசுக்கட்டுப்பாட்டு வாரியம் நடத்தும். குறைஞ்சது 30 நாள் முன்னாடி அறிவிப்பு வரணும். வரைவு அறிக்கையோட சுருக்கம் தமிழ்ல கிடைக்கணும். கலெக்டர் ஆபீஸ்ல கேளுங்க, கொடுக்கக் கடமைப்பட்டிருக்காங்க. கூட்டத்துல எழுத்துப்பூர்வமாவும் கருத்து கொடுக்கலாம். கடைசியில கூட்ட நடவடிக்கையைத் தமிழ்ல வாசிச்சுக் காட்டணும், நீங்க சொன்னது அதுல இருக்கான்னு சரிபார்த்துட்டு அப்புறம் வீட்டுக்குக் கிளம்புங்க. அறிக்கை கைக்கு வந்ததும் முதல்ல மூணு பக்கம் தேடுங்க: எந்த சர்வே எண்கள் மூழ்குது, வெட்டி எடுக்குற பாறையும் மண்ணும் எங்க கொட்டப்படும், மண்சரிவு ஆய்வு எந்த மழை அளவை வச்சு நடந்துச்சு. கடைசிக் கேள்விக்கு 82 சென்டிமீட்டரைவிடக் குறைவா ஒரு எண் இருந்தா, மைக்கை வாங்கி அதைக் கேளுங்க.